லாரி நிற்கக் கூடாது

செப்டம்பர் 8, திங்கள்

காலை மேகமூட்டம். மழை இல்லை. 6.40 மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, நீல மையைக் கைவிட்டு இனிமேல் கறுப்பு மையில் எழுதுவது என்று முடிவு எடுக்கப்பட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்: நான். சமையற்கட்டிலிருந்து மனைவி சாந்தி மறுப்புத் தெரிவிக்கவில்லை, மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருட நீலம். கம்பெனியில் முதலாளிக்குப் பச்சை, மேனேஜரான எனக்கு நீலம், மற்றவர்களுக்குக் கிடைத்தது. பச்சை மை கெஜட்டட் ஆபீசர்களுக்கானது என்று முதலாளியிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை. எனக்கும்.

மாற்றத்துக்குக் காரணம் பேப்பர், மூன்றாம் பக்கம். எங்கள் கம்பெனி விழுந்தது பற்றி அரசு விசாரணை. வாக்குமூலம் என்றால் கறுப்பு மைதான் முறை. ஜூலையில் கேட்டைப் பூட்டி, 'எதிர்பாராத வணிகச் சூழல்' என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். நானூறு பேர் வெளியே நின்றார்கள். அப்போது எட்டிப் பார்க்காத ஆ.க. பிரமுகர் நேற்று மேடையில் தொழிலாளர் கண்ணீருக்கு யாராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும் என்றிருக்கிறார். கண்ணீர் மேலிடத்துக்குப் போய்ச் சேர இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. ஃபைல் நகர நேரம் பிடிக்கும்தானே.

(ஆ.க.: ஆளுங்கட்சி. எ.க.: எதிர்க்கட்சி. மு.: முதலாளி. ரகசியம் ஒன்றுமில்லை, கைவலி.)

எனக்குத் தெரிந்த வணிகச் சூழல் இதுதான். கேட் பூட்டுவதற்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு ஞாயிறு மத்தியானம், ஊரே பிரியாணி தின்று படுத்திருந்த நேரத்தில், மூன்றாம் மாடியில் இருந்த தையல் மெஷின் நாற்பத்திரண்டும் லாரியில் ஏறிப் போய்விட்டன. நான் அன்று தாராபுரத்தில் ஒரு காதுகுத்தில். திங்கட்கிழமை வந்து பார்த்தால் மாடி வெறிச்சென்று கிடக்கிறது. மு. சொன்னார்: "சர்வீஸுக்குப் போயிருக்குதுங்க தங்கவேலு. ரெண்டு வாரத்துல வந்துரும்." நம்பினேன். சூப்பர்வைசர் பாக்கியத்திடமும் அதையே சொன்னேன். அவள் தன் லைன் பெண்களிடம் சொன்னாள். இப்படியாக ஒரு பொய் கீழ் மாடி வரைக்கும் ஒழுங்காக டெலிவரி ஆனது.

செய்ய வேண்டியவை: கறுப்பு ரீஃபில். ஃபைல் ஒன்று. துவரம்பருப்பு.

ஃபைலில் போட வேண்டியவை: வேலையாட்கள் பட்டியல். மெஷின் நம்பர் பட்டியல். கேட் பாஸ் புஸ்தகம்.

கடைசி ஐட்டம்தான் முக்கியம். பூட்டிய அன்று செக்யூரிட்டி அறையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அன்று தெரியவில்லை. அந்த ஞாயிறு போன லாரிகளின் அனுமதிச் சீட்டு அடிக்கட்டை ஆறும் அதில் இருக்கின்றன. லாரி நம்பர், நேரம், எத்தனை மெஷின், எல்லாம். வாட்ச்மேன் இந்தியில் எழுதியிருக்கிறான். அவன் இப்போது பீகாரில்.


செப்டம்பர் 11, வியாழன்

சம்மன் வந்தது, போனேன். கோவை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். விசாரணை ஆபீஸ் ஒரு சோபா கடைக்கு மேலே. அதிகாரி சென்னைக்காரர், நாற்பது வயதிருக்கும், மெதுவான குரல். டீ வரவழைத்தார். அரசாங்கம் டீ கொடுத்து நான் குடித்தது இதுவே முதல் முறை.

கேட்ட கேள்விகள், நினைவில் உள்ளபடி:

பெயர், வயது.
போன தேர்தலில் எ.க.வுக்கு உங்கள் கம்பெனி டி-ஷர்ட் தைத்ததா.
எத்தனை.
யார் சொல்லித் தைத்தீர்கள்.
காலர் உண்டா, வட்டக் கழுத்தா.
எடுத்துப் போன கார் யாருடையது.
காரில் இருந்தவர் முன் சீட்டிலா, பின் சீட்டிலா.
என்ன நிறம்.

"அந்தக் கட்சிக்கு ஊர் முழுக்க ஒரே நிறம்தானுங்களே சார்," என்றேன்.

"ரெக்கார்டுக்கு வேணும் சார். ஷேடு நம்பர் இருக்குமே?"

இருந்தது. சொன்னேன். டைப் அடித்த அம்மாள் அதை இரண்டு முறை சரிபார்த்தார்.

இரண்டு மணி நேரம். கம்பெனி ஏன் விழுந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் நானே ஆரம்பித்தேன்: "சார், மெஷின் போனதப் பத்தி..."

"அதுக்கு வருவோம் சார். ஒண்ணொண்ணா வருவோம்."

முறையான மனிதர். அவசரப்படாதவர்கள்தான் ஆழமாகப் போவார்கள். திரும்பும்போது நின்றுகொண்டு வந்தேன்.


செப்டம்பர் 13, சனி

பருப்பு வாங்கவில்லை. சாந்தி ஞாபகப்படுத்தினாள்.

சாயங்காலம் பாக்கியம் வந்தாள். தேனிப் பக்கத்துக்காரி, பதினாறு வருடமாக எங்கள் லைனில். தன் ஊரிலிருந்து முப்பது பெண்களைக் கூட்டிவந்து சேர்த்தவள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"மிஷினு எங்க போச்சுன்னு கேட்டாகளா சார்?"

"அதுக்கு வருவாங்களாம்."

"வேற என்னதான் கேட்டாக?"

"டி-ஷர்ட்டு. காலர் இருந்துச்சான்னு."

"காலரு இல்லையே சார். ரவுண்டு நெக்குல்ல," என்றாள். தொழில் சுத்தம்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். மங்கலம் பக்கம் புதிதாக ஒரு யூனிட். போன வாரம் முதல் அவளுக்கும் அவள் பெண்களுக்கும் அங்கே வேலை. முதல் நாள் கொடுத்த மெஷினில் உட்கார்ந்ததும் கால் தானாகப் பெடலுக்குப் போயிற்றாம். குனிந்து பார்த்திருக்கிறாள்.

"என் மிஷினு சார். பதினேழாம் நம்பரு. நம்பர் பிளேட்ட எடுத்துட்டாக. ஆனா நான் ஒட்டுன முருகன் ஸ்டிக்கரு இருக்குல்ல, அதக் கிழிச்சும் முழுசா வரல. வேலும் ஒரு மயிலிறகும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு."

சாந்தி காபி கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள். "அந்த யூனிட்டு யாருதுங்க?"

"பழைய மொதலாளியோட மச்சினருதாம்."

ஆக, நானூறு பேரை வெளியே தள்ளிய வணிகச் சூழல் மங்கலம் ரோட்டில், தகரக் கூரை போட்டு, நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாக்கியம் தன்னிடமிருந்து எடுத்துப்போன மெஷினில், எடுத்துப்போனவருக்கே தைக்கிறாள்.

"நீங்க அந்த ஆபீசர்ட்டச் சொல்லுங்க சார். சாட்சிக்கு நான் வாரேன்."

இப்போது வேண்டாம், வேலை போய்விடும், என்னிடம் புஸ்தகம் இருக்கிறது, அது போதும் என்றேன். பெரிய மனிதன் என்ற நினைப்பு வந்தது. அரை மணி நேரம் நீடித்தது.


செப்டம்பர் 14, ஞாயிறு

மத்தியானம் மு. வீட்டுக்கே வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் மூன்றாவது முறை. முதல் இரண்டும் சாவுக்கு. பெரிய கார் இல்லை, யாரோ உறவுக்காரரின் பழைய கார். இளைத்திருந்தார். கையில் பழனிப் பஞ்சாமிர்த டப்பா.

"ஏனுங் தங்கவேலு, சௌக்கியங்களா. சாந்தி, காப்பித்தண்ணி மட்டும் போதும் சாமி. வேற ஒண்ணும் இறங்க மாட்டேங்குது."

உட்கார்ந்தார். சோபா உறையைத் தடவித் துணியின் தரம் பார்த்தார். பழக்கம்.

"என்னைய உள்ள வெக்காம உடமாட்டாங்க. டி-சர்ட்டு குடுத்தது ஒரு குத்தமுங்களா? கேட்டாங்க, குடுத்தேன். இவங்க மொதல்ல கேட்டிருந்தா இவங்களுக்குக் குடுத்திருப்பேன்."

இதில் பொய் எதுவும் இல்லை.

"அந்த சாம்பிள் பீஸ் உங்ககிட்டத்தானுங்களே இருக்கும்? அப்ரூவல் சீட்டோட?"

இருந்தது. சீட்டு இல்லை. மூன்று மாதமாக ஸ்கூட்டர் துடைக்கிற துணி அது. வெளியே போய் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினேன். க்ரீஸ், எண்ணெய், ஒரு ஓரத்தில் எ.க. தலைவரின் பாதி முகம். அதை வாங்கி நாலாக மடித்து, கோயில் பிரசாதத்தைப் போலத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு அரசாங்கமும் ஒரு முதலாளியும் தேடுகிற துணியால் நான் மட்கார்டு துடைத்திருக்கிறேன்.

கேட்டுவிட்டேன். "மெஷின் எங்கீங்க போச்சு?"

கோபப்படவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "அதையெல்லாம் இப்ப யாரு கேக்கறாங்க தங்கவேலு?"

போகும்போது தோளில் கை வைத்தார். "நீங்க உள்ளதச் சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன். உங்களத்தான் நம்பியிருக்கேன்."

அவர் போனபின் சாந்தி சொன்னாள்: "என்ன இருந்தாலும் பாவமா இருக்குதுங்க." எனக்கும். அதுதான் எரிச்சல். பஞ்சாமிர்தம் நன்றாக இருந்தது.


செப்டம்பர் 18, வியாழன்

நேற்று புரட்டாசி பிறந்தது. ஒரு மாதத்துக்குக் கோழி பிழைத்தது.

நாளை இரண்டாவது விசாரணை. ஃபைலை அடுக்கினேன். பதினோரு பக்க வாக்குமூலம், கறுப்பு மையில். மங்கலம் யூனிட் பற்றி முழுப் பக்கம். பாக்கியத்தின் பெயர் மட்டும் இல்லை. சாந்தி கேட் பாஸ் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த லாரிச் சீட்டுல எல்லாம் உங்க கையெழுத்தாட்ட இருக்குதே?"

"இருக்கும்."

"அன்னிக்கு நாம தாராபுரத்துலதானே இருந்தோம்?"

விளக்கினேன். லாரி வந்தால் நிற்கக் கூடாது. நான் காலையில் சாயப்பட்டறை, மத்தியானம் பிரிண்டிங், எங்காவது சுற்றிக்கொண்டிருப்பேன். என் ஒரு கையெழுத்துக்காக லாரி ஒரு மணி நேரம் நின்றால் சரக்கு கப்பலைத் தவறவிடும். அதனால் திங்கட்கிழமை காலையில் ஐம்பது தாளில், தாளிலும் அடிக்கட்டையிலும், முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன். வாரம் முழுவதும் அவன் நிரப்பிக்கொள்வான். இந்த ஊரில் எல்லா மேனேஜரும் செய்வது. செய்யாதவன் மேனேஜராக நீடிக்க மாட்டான்.

"அது வழக்கம்னு நமக்குத் தெரியுது. அந்த ஆபீசருக்குத் தெரியுமுங்களா?"

சட்டம் அறியாதவர்கள் இப்படித்தான் பயப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. பருப்பு பிரச்சினையே இன்னும் முடியவில்லை.


செப்டம்பர் 19, வெள்ளி

கொடுத்துவிட்டேன். புஸ்தகம், பட்டியல், பதினோரு பக்கம். அதிகாரியின் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு அடிக்கட்டையாகத் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க போட்டதா சார், இந்தக் கையெழுத்து?"

"ஆமாங்க." வழக்கத்தை விளக்கினேன். தலையாட்டிக் கேட்டார். டைப் அடிக்கிற அம்மாள் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

"நீல மை. நல்லது சார். கறுப்புன்னா ஜெராக்ஸான்னு ஒரு சந்தேகம் வரும். நீலம்னா ஒரிஜினல்."

மை பற்றிய என் வரலாற்று முடிவு தவறு என்று தெரிந்தது. திருத்தம் பிறகு யோசிக்கலாம்.

பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார். அதன்பின் முக்கால் மணி நேரம் டி-ஷர்ட். சாம்பிள் எங்கே என்றார். மு. வாங்கிப் போனதைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்ப? எந்தக் கார்ல?"

நாற்பத்திரண்டு மெஷின் போனதற்கு இவ்வளவு வேகமாக நிமிர்ந்து உட்காரவில்லை.


அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வெயில்.

கம்பெனி கேட்டுக்குப் போனேன். பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் தானாக வந்திருந்தார்கள். உள்ளே கும்பிட ஒன்றும் இல்லை, போகவும் முடியாது. கேட் பூட்டுக்குச் சந்தனம் வைத்தோம். குங்குமம் வைக்கப் போனபோது காவலுக்கு இருந்த போலீஸ்காரர் எழுந்து வந்தார். "பூட்டுக்கு வெச்சுக்கங்க. சீலுக்கு வெக்காதீங்க. அது கவர்மெண்டு." பூட்டுக்கு மட்டும் வைத்தோம். அவருக்கும் பொரி கொடுத்தோம்.

பாக்கியம் போன் பண்ணினாள். மங்கலத்தில் பூஜை தடபுடலாம். பதினேழாம் நம்பருக்கு அவளே மாலை போட்டாளாம். "எனக்கு அழுகையா வந்துச்சு சார். பக்கத்துல இருந்த பிள்ளைக சாம்பிராணிப் புகைன்னு நெனச்சுக்கிட்டாக."

அவசர ஆர்டர் ஒன்று வந்திருக்கிறதாம். ஞாயிறுக்குள் முடிக்க வேண்டும். வட்டக் கழுத்து. வெளிநாடு இல்லை, உள்ளூர்.


அக்டோபர் 6, திங்கள்

லேசான தூறல்.

பேப்பர், முதல் பக்கம். நேற்று கல்யாண மண்டபத்தில் இணைப்பு விழா. மு., ஆதரவாளர்களுடன், ஆ.க.வில் சேர்ந்தார். சால்வை போட்ட கை, போன மாதம் மேடையில் கண்ணீருக்குப் பதில் கேட்ட அதே பிரமுகருடையது. தொழிலின் வேதனையை உணர்ந்த ஒரே கட்சி இது என்று மு. பேசியிருக்கிறார். படத்தில் முகம் தெளிந்திருக்கிறது. இரண்டு கிலோ ஏறியிருப்பார்.

பின்னால் ஆதரவாளர்கள் ஐந்நூறு பேர், ஒரே நிறத்தில். வேறு நிறம். வட்டக் கழுத்து.

பாக்கியத்துக்குப் போன் செய்தேன்.

"நாங்கதான் சார் தைச்சோம். யாருக்குன்னு சொல்லல. பிரிண்டு தனியாப் போச்சு. காலைல பேப்பரப் பாத்துத்தான் தெரியும்." பிறகு, "தையலு எப்படி சார் வந்திருக்கு, படத்துல?"

நன்றாக வந்திருக்கிறது என்றேன். உண்மை.

ரவுண்டானாவில் ஃப்ளெக்ஸ். மு. கும்பிடுகிறார். எலெக்‌ஷனுக்குத் தொகுதிப் பொறுப்பு தரப்போகிறார்களாம், டீக்கடைப் பேச்சு. "கேஸு?" என்று ஒருவர் கேட்டார். "கேஸு எங்க போவுது, அது பாட்டுக்கு நடக்குமுங்க," என்றார் மாஸ்டர். டீயை ஆற்றிக்கொண்டே.


அக்டோபர் 7, செவ்வாய்

அதிகாரியே போன் செய்தார். டி-ஷர்ட் பகுதி முடிந்துவிட்டதாம். போதுமான ஆதாரம் இல்லை.

"இனிமே மெஷின் விஷயத்துக்கு வருவோம் சார். வியாழக்கிழமை வர முடியுமா?"

ஒரு மாதமாகக் காத்திருந்த வாக்கியம். சாந்தியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மு. கட்சி மாறினாலும் விசாரணை நிற்கவில்லை பார் என்றேன். நிற்கவில்லை என்றாள். அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.


அக்டோபர் 9, வியாழன்

டீ வரவில்லை.

அதிகாரி, அதே மெதுவான குரலில்: "மெஷினெல்லாம் எங்க போச்சு சார்?"

பாக்கியம் அன்று எதிர்பார்த்த அதே கேள்வி. பதினோரு பக்கத்தைப் படித்தீர்களா என்றேன். படித்தாராம். புஸ்தகத்தை என் பக்கம் திருப்பினார். அந்த ஞாயிறின் ஆறு அடிக்கட்டை. ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து, நீலத்தில், அழகாக. அவசரமில்லாமல் போட்டது என்று பார்த்தாலே தெரிகிறது.

"ஃபேக்டரியை விட்டு மெஷின் வெளியே போக அனுமதி கொடுத்தது யார்?"

வழக்கத்தை மறுபடி விளக்கினேன். இம்முறை அம்மாள் சீட்டில் இருந்தார். டைப் ஆனது இது: 'வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டதை ஒப்புக்கொள்கிறார்.'

"முதலாளி சொல்லித்தானுங்க போச்சு."

"எழுத்துல இருக்கா?"

இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் மு. எழுத்தில் கொடுத்தது தீபாவளி வாழ்த்து அட்டை மட்டும். பச்சை மை.

மங்கலம் யூனிட்?

"அது வரம்புக்குள்ள வராது சார். அவங்க தரகர்கிட்ட செகண்ட்ஹேண்டா வாங்கியிருக்காங்க. நல்லெண்ணத்துல வாங்கினவங்க. நேத்து நம்ம ஆளுங்க போய்ப் பார்த்தாச்சு. உங்க கம்பெனி மெஷின்னு அடையாளம் எதுவும் இல்ல. ஏற்கெனவே உங்ககிட்ட வேலை பார்த்த சூப்பர்வைசரையே கேட்டுட்டாங்க."

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று திருப்பூர் பஸ் போயிற்று.


அக்டோபர் 12, ஞாயிறு

மழை. வாசலில் குடை. பாக்கியம்.

உட்காரவில்லை. "நான் சொல்லிட்டேன் சார். என் மிஷினு இல்லைன்னு சொல்லிட்டேன்."

தெரியும் என்றேன்.

"முந்துன நாளே மங்கலத்து மேனேஜரு வந்து சொல்லிட்டாக, நாளைக்கு ஆளு வருவாகன்னு. லைனு முழுக்க எங்கூருப் பிள்ளைக சார். என்னைய நம்பி வந்ததுக. நான் வாயத் தொறந்தா முப்பதையும் நிப்பாட்டிப்புடுவாக." மூக்கை உறிஞ்சினாள். "மிச்சமிருந்த ஸ்டிக்கரையும் நானே சொரண்டிட்டேன். பிளேடு வச்சு."

என்னை நம்பி அவள், அவளை நம்பி அவர்கள். ஜூலையில் நான் அவளிடம் சொன்னது: சர்வீஸுக்குப் போயிருக்கிறது. கம்பெனியில், மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன்.

சாந்தி அவளுக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். சாப்பிட்டுப் போகச் சொன்னாள். அவளும் சாப்பிட்டாள். ரசம் நன்றாக இருந்தது என்று மட்டும் பாக்கியம் சொன்னாள்.

அவள் மீது கோபப்படப் பார்த்தேன். வரவில்லை. எல்லாக் கோபமும் ஏற்கெனவே ஒரே ஆளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. அந்த ஆள் எனக்குப் பஞ்சாமிர்தம் கொடுத்தவர். டப்பா இன்னும் ஃபிரிட்ஜில். சாந்தி அதில் புளி போட்டு வைத்திருக்கிறாள்.


அக்டோபர் 14, செவ்வாய்

வக்கீல். பல்லடம் ரோடு, மாடி. சின்ன வயது, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போடுகிறார். எஃப்.ஐ.ஆர். நகல் எடுத்து வைத்திருந்தார். சத்தமாகப் படித்தார்.

நிர்வாகத்தின் நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டு மேலாளர் இயந்திரங்களை அப்புறப்படுத்தினார். அதனால் உற்பத்தி முடங்கியது. அதனால் கம்பெனி வீழ்ந்தது. நானூறு குடும்பங்கள்.

மூன்று மாதமாக ஊருக்குப் புரியாத வீழ்ச்சியை மூன்று வரியில் புரிய வைத்துவிட்டார்கள். நடை சுத்தம். ஒரு சொல் கூட அதிகம் இல்லை.

"கேஸுல எதிரின்னு எத்தனை பேரப் போட்டிருக்காங்க?" என்றேன்.

"ஒருத்தர்தானுங்க. நீங்க."

"முதலாளி?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அவரு நாலாவது சாட்சிங்க. அரசுத் தரப்புல."

புஸ்தகத்தை நான் கொடுக்காமல் இருந்திருந்தால் என்று கேட்டேன். கேஸுக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது என்றார். பிறகு சமாதானமாக, "ரசீது வாங்கி வெச்சிருக்கீங்க, அது நல்லதுங்க," என்றார்.


அக்டோபர் 16, வியாழன்

மு. போன். பின்னணியில் மைக் டெஸ்ட் சத்தம்.

"ஏனுங் தங்கவேலு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. கேஸுன்னு ஒண்ணு போட்டாங்கன்னா யாரு பேராவது எழுதித்தானே ஆவணும். நாலஞ்சு வருசம் இழுக்கும், அப்புறம் ஒண்ணுமில்லாமப் போயிரும். நான் உங்களப் பத்தி நல்லபடியாத்தான் சொல்லியிருக்கேன். இருபத்திரண்டு வருசம் ஒரு நாள் லீவு போட்டதில்லைன்னு சொல்லியிருக்கேன்."

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க," என்றேன். "லீவு நாளு. நான் தாராபுரத்துல இருந்தேன். உங்களுக்குத் தெரியும். மொய் கவர் குடுத்துவுட்டதே நீங்கதான்."

கொஞ்ச நேரம் மைக் டெஸ்ட் மட்டும் கேட்டது. ஒன், டூ, த்ரீ.

"அதையெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க," என்றார். பிரியமாகத்தான் சொன்னார். "சாந்திய விசாரிச்சேன்னு சொல்லுங்க. உடம்பப் பாத்துக்குங்க கண்ணு."

என்னை அவர் கண்ணு என்று கூப்பிட்டது இதற்கு முன் ஒரே முறை. நான் சேர்ந்த முதல் திங்கட்கிழமை, ஐம்பது தாளை முன்னால் வைத்து, எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டியபோது.

போனை வைத்ததும் ஸ்கூட்டர் துடைக்கப் போனேன். துணி இல்லை.


அக்டோபர் 17, வெள்ளி

முன்ஜாமீன் கிடைத்தது. வக்கீல் லட்டு வாங்கி வந்தார். சாந்தி எடுத்துக்கொள்ளவில்லை.

நிபந்தனைகள்: பாஸ்போர்ட் ஒப்படைக்க வேண்டும். (இல்லை. இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.) சாட்சிகளைச் சந்திக்கக் கூடாது. மூன்றாவது ஒன்று உண்டு, உத்தரவின் பின்பக்கம்.

வாங்க வேண்டியவை: நல்லெண்ணெய். கோவைக்கு பஸ் பாஸ் உண்டா என்று விசாரிக்க. பருப்பு (வாங்கியாகிவிட்டது, சாந்தி).


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடியற்காலை மழை, பிறகு விட்டுவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சாந்தி புதுச் சட்டைக்கு மஞ்சள் தடவிக் கொடுத்தாள். எட்டு மணி கோவை பஸ். நான், கண்டக்டர், டிரைவர், பின் சீட்டில் ஒரு ஜோடி.

விசாரணை ஆபீஸில் ஒருவர் மட்டும் இருந்தார். ஜாமீன் கையெழுத்து நோட்டு மேசையில், பேனா நூலில் கட்டியிருந்தது. நீலம். 10.30க்குக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கும் சேர்த்து இன்றே போட்டுவிடலாமா என்று கேட்டேன். முடியாது, தினமும் நேரில் வர வேண்டும் என்றார். மறு உத்தரவு வரும் வரை, விடுமுறை நாட்கள் உட்பட.